அணைக்கும் அதிகாரம் யாருக்கு?

2022 ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தை இந்நாட்டிலுள்ளோர் எவரும் இலகுவில் மறந்திருக்கமாட்டார்கள். நாளொன்றுக்கு 7 மணித்தியாலம், 10 மணித்தியாலம் என ஏறிச் சென்ற மின்வெட்டு அம்மாத இறுதியில் 13 மணித்தியாலத்தைத் தொட்டது. அந்நாட்களில் ஒரு பிற்பகல் எமது கல்லூரியின் கணினிக் கூடத்தில் நிகழ்ந்த சிறு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அன்று மின்சாரம் அட்டவணையிற் குறித்த நேரத்துக்கு முன்னரே போய்விட்டது. யூ.பீ.எஸ். எனப்படும் மின்கலப் பெட்டிகள் கீச்சிடத் தொடங்கின. அவற்றின் வலு பத்து நிமிடத்துக்கு மேல் நில்லாது என்பதை மாணவர் யாவரும் அறிவர். ஒவ்வொருவரும் தத்தம் கணினியை முறைப்படி அணைத்துவிட்டு எழுந்தனர். மூலையிலிருந்த ஒருவன் மட்டும் எழவில்லை. அணையுமாறு அவன் பணித்தபோது, அவனது கணினி அணைவதற்குப் பதிலாக நிருவாகியின் கடவுச்சொல்லைத் தருமாறு கேட்டு நின்றது. கடவுச்சொல்லை அறிந்த ஆசிரியரோ அவ்வேளையில் எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், தொலைபேசியிலும் அகப்படவில்லை. பையன் சற்று நேரம் திகைத்து நின்றான். பின்னர் கணினியின் மின்பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தான். திரை இருண்டது.

இதில் வியப்பு யாதெனில், அதே மாணவன் அதே கணினியை முதல்நாள் எவ்விதக் கேள்வியுமின்றி அணைத்துவிட்டு வீடு சென்றவன். நேற்று இடங்கொடுத்த பொறி இன்று ஏன் மறுத்தது? இதற்கு விடை காணவேண்டுமாயின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எமது கூடத்திலுள்ள கணினிகள் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. லினக்ஸோ யுனிக்ஸ் என்னும் பழைய குடும்பத்தின் வழிவந்தது. யுனிக்ஸ் பிறந்த வீட்டின் பழக்கவழக்கங்கள் இன்றும் அதனை விட்டபாடில்லை.

1969 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன் என்பவர் எவரும் அதிகம் தீண்டாதிருந்த பீ.டீ.பீ.-7 கணினியொன்றில் யுனிக்ஸின் முதல் வடிவை ஆக்கினார். டெனிஸ் றிச்சி அவருக்கு உற்ற துணைவர். பின்னர் அவர்கள் கைக்கு வந்த பீ.டீ.பீ.-11 என்னும் பொறியின் நினைவகம் வெறும் 24 கிலோபைற்று; வட்டு அரை மெகாபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றையே அவ்வட்டில் அடக்குதல் அரிது. எனினும் 1971 ஆம் ஆண்டின் பிற்பாதியில் அந்த ஒரே பொறியில், ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர் மூவர் பகல் முழுவதும் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தனர். தொம்சனும் றிச்சியும் தம் புதிய நிரல்களைச் சோதித்ததும் அதே பொறியில், அதே வேளையிலேதான். ஒருவருடைய நிரல் மற்றொருவருடைய நினைவகப் பகுதியில் நுழையாமற் காக்கும் ஏற்பாடு அப்பொறியில் இல்லை. சோதனை ஒன்று பிசகினால் முழுப் பொறியும் விழும். அத்துடன் மூவர் உழைப்பும் விழும். ஒவ்வொரு சோதனைக்கும் கவனமும் துணிவும் ஒருங்கே வேண்டியிருந்ததைப் பின்னாளில் றிச்சியே எழுதி வைத்திருக்கின்றார்.

ஆகவே யுனிக்ஸ் உலகிற் கணினி என்பது தொடக்கத்திலிருந்தே பலர் கூடிக் குடியிருக்கும் வீடு. அவ்வீட்டின் விளக்கை ஒருவர் தம் விருப்பப்படி அணைத்துவிட்டு உறங்கச் செல்லல் இயலாது. அணைக்கும் கட்டளை ஒருவருக்கு மாத்திரமே உரியதாயிற்று. அவருக்கு 'றூட்' என்று பெயர். வேர் என்பது அதன் பொருள். பயனர் இலக்கம் பூச்சியத்தைக் கொண்ட இவர் எக்கோப்பையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம், எவரையும் வெளியேற்றலாம்.

விளக்கை அணைப்பது போன்றதுதானே, இதற்கு இத்துணை ஆரவாரம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். விளக்குக்கு ஞாபகம் இல்லை, கணினிக்கு உண்டு. எம்மூர்க் கடைக்காரர் பகலிற் சனம் நெருக்கும் வேளையில் கொடுக்கல் வாங்கலைத் துண்டுக் கடதாசியிற் குறித்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்திற் பேரேட்டிற் பதிவதைப் பலரும் கண்டிருப்போம். கணினி செய்வதும் அதுவே. வட்டில் எழுதுதல் மெதுவான வேலையாதலால், எழுதவேண்டியவற்றை முதலில் நினைவகத்தில் தேக்கி வைத்துப் பின்னர் சேர்த்து வட்டிற் பதியும். பழைய யுனிக்ஸ் பொறிகளில் 30 விநாடிக்கு ஒருமுறை இப்பதிவு நடைபெறும். அதற்கிடையில் மின்சாரம் நின்றால் துண்டுக் கடதாசிகள் யாவும் காற்றிற் பறந்தது போலாகும். அதனினும் கேடு, பேரேட்டிற் பாதி மட்டும் பதிந்த நிலையில் நிற்பது: எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் அட்டவணையே முன்னுக்குப்பின் முரணாகிவிடும்.

இதனாலேதான் பழைய நிருவாகிகள் பொறியை நிறுத்துமுன், 'சிங்க்' என்னும் கட்டளையை, ஒருமுறைக்கு மூன்றுமுறையாகத் தட்டுவார்கள். தேக்கியவற்றை எல்லாம் உடனே வட்டிற் பதி என்பதே அக்கட்டளையின் கருத்து. ஒருமுறை போதாதா எனின், இரண்டாம் மூன்றாம் முறைகளைத் தட்டி முடிப்பதற்கிடையில் முதலாவது கட்டளை தன் வேலையை முடித்துக்கொள்ளும் என்று சமாதானம் கூறுவர். அது பாதி விஞ்ஞானம், பாதி வழிபாடு. முறைகேடாக நின்ற பொறியை மறுபடி தொடக்கும்போது எவ்.எஸ்.சி.கே. என்னும் நிரல் வட்டு முழுவதையும் துருவிப் பார்த்துப் பழுதுகளை ஒக்கிட வேண்டும். வட்டுகள் பெருக்கப் பெருக்க அக்காத்திருப்பும் நீண்டது. 2001 ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்ந்த எக்ஸ்ட்-3 போன்ற கோப்பு முறைகள், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்வதால் இத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. ஆயினும் நாட்குறிப்புக் காப்பது பேரேட்டின் ஒழுங்கையே. ஒரு மாணவன் தட்டிவிட்டுச் சேமியாது விட்ட பந்தியை அது மீட்டுத் தராது.

முறைப்படி அணைக்கும் கட்டளையோ மரியாதை தெரிந்தது. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் உருவான யுனிக்ஸில், அணைக்கும் நேரத்தை முன்னரே குறித்துவிட்டால், அக்கட்டளை உள்ளேயிருக்கும் ஒவ்வொருவர் திரையிலும் அறிவித்தல் இடும். நேரம் நெருங்க நெருங்க அறிவித்தலும் அடிக்கடி வரும். இறுதி ஐந்து நிமிடத்திற் புதியவர் எவரையும் உள்ளே விடாது. பின்னர் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு, முடித்துக்கொள்ளுமாறு சொல்லி, சற்று அவகாசமும் கொடுத்து, அதன் பின்னரே நிறுத்தும்.

நிற்க. எல்லோரும் இவ்வாறு கதவைப் பூட்டி வைத்தனர் என்று எண்ணிவிடலாகாது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் 1960 களின் பிற்பகுதியில் ஐ.ரீ.எஸ். என்னும் வேறொரு இயங்குதளத்தை ஆக்கினர். பொறியை வீழ்த்துவதைச் சில இளைஞர்கள் ஒரு வீரவிளையாட்டாகக் கொண்டிருந்த காலம் அது. அவர்கள் செய்தது என்ன? பொறியை வீழ்த்துவதற்கென்றே ஒரு கட்டளையை ஆக்கி, அதனை எவரும் இடலாம் என்று விட்டுவிட்டனர். 'கில் சிஸ்ரம்' என்று தட்டினாற் பொறி நின்றுவிடும். எவராலும் செய்யக்கூடியதில் வீரம் ஏது? விளையாட்டின் சுவை போயிற்று. ஸ்ரீவன் லெவி என்னும் எழுத்தாளர் 1984 இல் வெளியிட்ட நூலில் இதனைச் சுவைபட விவரித்துள்ளார். அதே ஆய்வுகூடத்தில் வளர்ந்த றிச்சர்ட் ஸ்டோல்மன், றூட்டின் கடவுச்சொல் சாதாரணப் பயனர்களுக்குக் கசிந்தாற் கசியட்டும், அதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குத் தாம் துணைபோகமாட்டோம் என்று ஒரு நிரலின் கையேட்டிலேயே எழுதி வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஒருவரையொருவர் முகமறிந்த சிறு கூட்டத்துக்குப் பொருந்துவது, அந்த மூன்று தட்டெழுத்தாளருக்குப் பொருந்துமா என்பது எமது ஐயம். விளையாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை; இழப்பில் மட்டுமே பங்கு.

1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தம் மேசைமீதிருந்த சொந்தக் கணினியில் லினக்ஸை ஆக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. பலர் குடியிருந்த வீடு இப்போது ஒருவரின் அறைக்குள் வந்துவிட்டது. விதியோ மாறவில்லை. தன் பணத்தில் வாங்கிய பெட்டியை, தன் மேசையில் வைத்துக்கொண்டு, உறங்கப் போகுமுன் அணைக்க முயன்றவனிடம், உமக்கு அதிகாரமில்லை என்றது பொறி! அக்காலத்தில் இதனாற் சலித்தவர்கள் இரண்டு வழிகளிற் சென்றனர். இரண்டும் கேடானவை. சிலர் மின்னிணைப்பைப் பிடுங்கினர். சிலர் எப்போதும் றூட்டாகவே உள்நுழைந்து வேலை செய்தனர். அல்லது அக்கடவுச்சொல்லை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வைத்தனர். கோவில் மணியை அடிக்க வேண்டியவனிடம், மூலஸ்தானத் திறப்பும் களஞ்சியத் திறப்பும் சேர்ந்த கோவை முழுவதையும் கொடுத்தது போன்ற செயல் இது. பாடசாலைகளில் இப்பிழை மிக எளிதில் நேரும். பின்னேரம் கணினிகளை அணைத்துவிட்டுப் போகச் சொல்லி ஒரு மாணவனிடம் அக்கடவுச்சொல்லைக் கொடுத்தால், ஏனைய மாணவரின் கோப்புகளைத் திறக்கவும் அழிக்கவும் அவனுக்கு அதிகாரம் கொடுத்தாயிற்று.

கோவையிலிருந்து ஒரு திறப்பை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியாதா? முடியும். அதற்குரிய வித்தை யுனிக்ஸின் இளமையிலேயே பிறந்துவிட்டது. அதனைக் கண்டவர் டெனிஸ் றிச்சி. ஒரு நிரலின்மீது சிறு அடையாளம் ஒன்றை இட்டுவிட்டால், அதனை இயக்குபவர் எவராயினும், அது ஓடும் அந்தச் சில கணங்களுக்கு நிரலின் சொந்தக்காரருடைய அதிகாரம் அதற்கு உண்டு. 1973 இல் விண்ணப்பிக்கப்பட்ட இதற்கான காப்புரிமை 1979 இற் கிடைத்தது. பேர்க்கிளி மரபில் வந்த பிறீ-பீ.எஸ்.டீ. என்னும் யுனிக்ஸில் இன்றும் அணைக்கும் நிரலுக்கு இவ்வடையாளம் உண்டு. ஆனால் 'ஒப்பரேற்றர்' என்னும் குழுவிற் பெயர் எழுதப்பட்டவரே அதனை இயக்கலாம். உம் மகனையோ மகளையோ அக்குழுவிற் சேர்த்துவிட்டால், அவர்கள் கணினியை அணைக்கலாம். உம் கோப்புகளை அழித்தல் இயலாது.

1980 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கொகஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்னும் இருவர் ஆக்கிய 'சூடோ' இன்னொரு படி முன்னே சென்றது. இன்னார் இன்ன கட்டளையை மட்டும் றூட்டின் பெயரால் இடலாம் என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினாற் போதும். அவர் தமது சொந்தக் கடவுச்சொல்லையே கொடுப்பார். றூட்டின் கடவுச்சொல் அவருக்குத் தெரியவேண்டியதே இல்லை. யார், எப்போது, எதனைச் செய்தார் என்பதும் பதிவாகும். இன்று உலகெங்கும் லினக்ஸ் பொறிகளில் நாள்தோறும் புழங்குவது இந்நிரலே.

இவையாவும் 'நீ யார்?' என்னும் ஒரே கேள்வியைக் கேட்பவை. ஆனால் அணைக்கும் விடயத்தில் அதனினும் முக்கியமான கேள்வி, 'நீ எங்கே இருக்கின்றாய்?' என்பது. பொறியின் முன்னே அமர்ந்திருப்பவரிடம் மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அவரை முறைப்படி அணைக்கவிடாது தடுத்தல் அவர் முறைகேடாக அணைப்பதற்கு வழிகாட்டுதலேயாம். லினக்ஸை ஆக்கியோர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1981 இல் வெளிவந்த ஐ.பீ.எம். கணினிக்கென டேவிட் பிராட்லி என்னும் பொறியியலாளர் வகுத்த கொன்ரோல், ஓல்ற், டிலீற் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால், பழைய லினக்ஸ் பொறிகள் கடவுச்சொல் எதுவும் கேளாமல் ஒழுங்காக மூடித் திரும்பத் தொடங்கும். விசைப்பலகை உன் கையில் இருக்கின்றதா? அப்படியானால் நீ அருகில் இருக்கின்றாய். அதுவே போதும் என்பது அதன் தருக்கம்.

தொலைவிலிருந்து வலைவழியே நுழைந்தவர் நிலை வேறு. தம் முன்னாலுள்ள கணினியை அணைப்பதாக எண்ணிக்கொண்டு, பல மைல்களுக்கு அப்பாலுள்ள பொறியை அணைத்துவிட்டவர்கள் இத்தொழிலில் அநேகர். அங்கே பொத்தானை அழுத்தி மறுபடி எழுப்ப ஆளுமிராது. டெபியன் என்னும் லினக்ஸில் இதற்கெனவே 'மொலி-காட்' என்று ஒரு சிறு நிரல் உண்டு. தொலைவிலிருந்து அணைக்கச் சொன்னால், 'நீர் அணைக்கும் பொறியின் பெயர் என்ன?' என்று அது கேட்கும். சரியான பெயரைத் தட்டினாலன்றி அணைக்காது. இப்பெயருக்குக் கணினியாளர் வழக்கில் ஒரு கதை உண்டு. ஐ.பீ.எம். பெருங்கணினி ஒன்றின் பெரிய சிவப்பு நிறுத்துபொத்தானை, நிரலாளர் ஒருவரின் குழந்தை ஒரே நாளில் இரண்டுமுறை அமுக்கி விட்டதாம். அதன்பின் பொத்தானுக்கு மேலே கண்ணாடி போன்றதொரு மூடி போட்டு, அம்மூடிக்குக் குழந்தையின் பெயரையே வைத்தார்களாம். குழந்தைகள் உள்ள வீட்டார் இதனை நம்பச் சாட்சி தேடமாட்டார்கள்.

இன்றைய லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் 'லொகின்-டீ' என்னும் காவலாளியும் 'பொல்கிட்' என்னும் நீதிபதியும் சேர்ந்து இவ்வினாக்களைத் தீர்க்கின்றனர். அணைக்குமாறு ஒருவர் கேட்டதும் மூன்று வகையாக நோக்குவர். கேட்பவர் திரைக்கு முன்னே அமர்ந்து அவ்வேளையில் அதனை ஆள்பவரா, தொலைவில் உள்ளவரா? அவரைத் தவிர வேறு எவரேனும் உள்ளே இருக்கின்றனரா? இப்போது அணைக்கவேண்டாம் என்று ஏதேனும் நிரல், வேலையின் நடுவே நின்று, தடைபோட்டிருக்கின்றதா? தனித்திருந்து அணைப்பதற்கு ஓர் அனுமதி, பிறர் உள்ளே இருக்கையில் அணைப்பதற்கு வேறோர் அனுமதி, தடையை மீறுவதற்கு இன்னோர் அனுமதி என மூன்றும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. எதற்குக் கடவுச்சொல் கேட்பது, எதற்குக் கேளாதுவிடுவது என்பதை நிருவாகி சிறு விதிக்கோப்பு ஒன்றினால் மாற்றிக்கொள்ளலாம். எமது கூடத்தில் இரண்டாவது அனுமதிக்குக் கடவுச்சொல் கேட்குமாறு வைக்கப்பட்டிருந்தது.

வாசகர் இதற்குள் விடையை ஊகித்திருப்பர். அன்று மதியம் வேறொரு மாணவன் அதே கணினியிற் கல்லூரி மலருக்கான கட்டுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தான். இடைவேளை மணி அடித்ததும், வெளியேறாமல், 'பயனரை மாற்று' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். பின்னர் வந்தவன் தன் பெயரில் நுழைந்து தன் வேலையைச் செய்தான். திரைக்குப் பின்னே முதல்வனின் கட்டுரை திறந்தபடியே கிடந்ததை அவன் அறியான், பொறி அறிந்திருந்தது. உள்ளே இன்னொருவர் இருக்கின்றார், அணைக்க வேண்டுமாயின் பெரியவரைக் கூப்பிடு என்றது. மறுநாள் பார்த்தபோது தன்னியக்கமாகச் சேமிக்கப்பட்டிருந்த முற்பகுதி மட்டுமே மீண்டது. பின்னிரண்டு பக்கங்களும் போயிருந்தன. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் தேர்த் திருவிழாவைப் பற்றிய கட்டுரை. தன் பாட்டியாரிடம் கேட்டறிந்த செய்திகளையெல்லாம் அவ்விரண்டு பக்கங்களிலேதான் எழுதியிருந்தான்.

ஆசிரியர் அறையில் இதைப்பற்றி நீண்ட வாதம் நடந்தது. பயனர் எவராயினும் எப்போதும் அணைக்கலாம் என்று விதியைத் தளர்த்திவிட வேண்டும் என்றார் ஒருவர். நாம் அதற்கு உடன்படவில்லை. மின்சாரம் இருக்கும் சாதாரண நாளொன்றில் அவ்விதி அக்கட்டுரையைக் காத்திருக்கும். விதியிற் குற்றமில்லை, மின்சாரம் போய்விட்டது என்னும் செய்தி பொறிக்குத் தெரியாததே குற்றம். மின்கலப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது; அது கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கணினிக்குக் காது இல்லை.

அதற்குக் காது வைக்கவும் வழியுண்டு. மின்கலப் பெட்டிக்கும் கணினிக்கும் இடையே ஒரு செய்திக்கம்பியை இணைத்து, அதற்குரிய நிரலை நிறுவிவிட்டால், மின்கலம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் அந்நிரல் றூட்டின் அதிகாரத்துடன் தானாகவே அணைக்கும் பணியைத் தொடங்கும். எவரையும் கேளாது, அறிவித்தல் கொடுக்கும், நிரல்களுக்கு அவகாசம் கொடுக்கும். சேமியாத எழுத்து அப்போதும் முழுமையாகத் தப்பும் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் கழுத்தை நெரிப்பதற்கும் விடைகொடுத்து அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு.

மின்பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய கணினிகளில் அதனை ஒருமுறை தொட்டுவிட்டால், அது இயங்குதளத்துக்கு விடுக்கும் வேண்டுகோள் மாத்திரமே. பல லினக்ஸ் அமைப்புகளில் அவ்வேண்டுகோளின்பேரிற் பொறி ஒழுங்காக அணையும். சிலவற்றில் உறங்கப்போகும், அல்லது என்ன செய்யவேண்டும் என்று திரையிற் கேட்கும். நான்கு விநாடியளவு அழுத்திப் பிடித்தாலோ, எவரையும் கேளாது மின்சாரம் துண்டிக்கப்படும். எமது கூடத்திற் பின்னர் சோதித்துப் பார்த்தோம். ஒருமுறை தொட்டதற்குக் கடவுச்சொல் கேளாமலே கணினிகள் ஒழுங்காக அணைந்தன. அன்று அவன் விரலை உடனே எடுத்திருந்தாற் கோப்பு முறைக்காவது ஆபத்து நேராது. இதனை அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்வதாயின், எமக்கும் அன்றுவரை தெரியாது.

மின்கலப் பெட்டிகளை வாங்கியபோது செய்திக்கம்பிகளும் உடன் வந்திருந்தன. அவை கூடத்தின் அலுமாரியில், பொலித்தீன் உறை பிரிக்கப்படாமல், இரண்டு ஆண்டுகளாகக் கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்துத் தூசி தட்டி ஒவ்வொன்றாக இணைத்தவன், பொத்தானை அழுத்திப் பிடித்த அதே மாணவன். தேர்க் கட்டுரைக்காரன் பாட்டியாரிடம் மறுபடி கேட்டு எழுதுவதற்காக அன்று வீட்டுக்குப் போயிருந்தான்.